வீட்ல வேலை பாத்தா லீவே கெடையாதா?

சொந்தமா தொழில் பண்றவங்க நெனச்சப்போ லீவு எடுக்கலாம்னு யாருங்க கெளப்பிவிட்டது? நான் காட்பாடில வீட்லருந்தே சின்னச்சின்ன கடைங்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பாக்கறேன். மாசம் 11ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, அதாவது வித்த கணக்கு, 20ம் தேதிக்குள்ள 3பி, அதாவது வரி கட்டற கணக்கு, அத தள்ளிப்போட முடியாது, சரி. அது முடிஞ்சப்புறமாச்சும் தோட்டத்துல சேர் போட்டு உக்காரலாம்னா போன் விட்டாத்தானே.

செம்பருத்தில தேன்சிட்டு கூடு கட்டுது. பொட்டைதான் கட்டுது, சிலந்தி நூலக் கொண்டாந்து நாரு சருகு எல்லாத்தையும் ஒட்டி ஒட்டி தொங்கவிட்டு, பக்கவாட்டுல வாசல் வெச்சு அதுக்கு மேல சின்னதா ஒரு கூரை வேற, அத பொறுமையா பாக்க நேரம் வேணும்ல? கறிவேப்பிலைல பட்டாம்பூச்சி புழு, சின்னதுல பாத்தா பறவை எச்சம்னே நெனப்பீங்க, அப்புறம்தான் பச்சையா மாறும். அதுக்காகவே செடிக்கு மருந்தடிக்க விடல நான்.

இத பாத்துட்டிருக்கச்சொல்ல ஞாயித்துக்கெழம காலங்காத்தால வேலூர் லாங்கு பஜார் கடைக்காரர் ஒருத்தர்கிட்டருந்து ஒரு போன், "வூட்லதானேமா கீற, ஒரே ஒரு பில்லு பாத்து சொல்லு"ன்னு. அவரு கடைக்கு லீவு, எனக்கு கெடையாதாமா? ஒரு பில்லுன்னு ஆரம்பிச்சு மத்தியானம் ஆயிடுது, குருவியும் இல்ல வெயில்ல உக்காரவும் முடியல. வேலூர் வெயில் தெரியும்ல. காலைல விட்டா அவ்ளோதான்.

இனிமே ஞாயிறு போன் ஆஃப். திங்கக்கெழம 10 மணிக்கு மேல கூப்டுங்க.