இரவுப் பணியில் இன்று யார்?

ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்துகிறவரைப் பாராட்ட நம்மிடம் கைவசம் இருப்பது ஒரே வாசகம்: "அத்தனை பேருக்கும் அப்பா மாதிரி." மேடையில் சொல்கிறார்கள், ஆண்டு மலரில் அச்சடிக்கிறார்கள். கொஞ்ச நாளில் அவரும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறார். அப்படி ஓர் இல்லத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த வேலையைக் கெடுப்பதில் பாதிப் பங்கு இந்தப் பாராட்டுக்குத்தான்.

எழுபது பேர் தங்கும் இடத்தில் ஒரே ஆள் எழுபது பேருக்கும் அப்பாவாக இருக்க முடியாது. முயன்றால் நடப்பது வேறு. அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்ளும் ஏழெட்டுப் பேர் செல்லப்பிள்ளைகள் ஆகிவிடுவார்கள். சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறவர்களின் பெயர் அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. அவர் வெளியூர் போன வாரத்தில், பள்ளிச் சுற்றுலாவுக்கான அனுமதிப் படிவம்கூட "அப்பா வரட்டும்" என்று மேசையிலேயே கிடக்கும். பிள்ளைகளோடு அன்றாடம் கிடந்து உழலும் பெண்களுக்கோ ஒரு கையெழுத்துப் போடவும் அதிகாரம் இருக்காது.

இல்லத்தைப் பார்க்க வருகிறவர்கள் நெகிழ்ந்துபோகும் காட்சி ஒன்று உண்டு. முன்பின் பார்த்திராத ஒருவரின் மடியில் சின்னப் பிள்ளை ஒன்று தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். "எவ்வளவு பாசம் பாருங்கள்!" என்பார்கள். இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். சொந்த ஆள் என்று யாராவது இருக்கும் குழந்தை, அந்நியரைக் கண்டால் முதலில் அந்த ஆளின் பின்னால் போய் ஒளியும். ஒளிந்துகொள்ள முந்தானை இல்லாத பிள்ளைதான் யார் மடியிலும் ஏறும். நிறுவனங்களில் வளர்ந்த குழந்தைகளிடம் இந்தப் போக்கை ஆய்வாளர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் அதைத்தான் படம்பிடித்துப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

அப்படியானால் தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் வேலை என்ன? என் கணக்கில், பிள்ளைகளோடு தங்கும் பெரியவர்கள் வேலையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான். சம்பளம், வார விடுப்பு, இரவு தூங்கவிடாத பிள்ளையைப் பற்றி மறுநாள் காலையில் உட்கார்ந்து பேச ஒரு ஆள், நோய்வாய்ப்பட்டால் மாற்றாள். கேட்கவே சலிப்பாக இருக்கிறது, இல்லையா? மேடையில் பேச இதில் ஒன்றும் தேறாது. ஆனால் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மூன்று குழந்தைகள் இல்லங்களில் நடந்த பெரிய ஆய்வு 2008-ல் வெளியானது. மாற்றம் எதுவும் செய்வதற்கு முன்பு, அங்கே ஒரு குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்குள் 60 முதல் 100 பேர் வரை பராமரிப்பாளர்களாக வந்துபோயிருந்தார்கள். இன்று பார்த்த முகம் நாளைக்கு இல்லை. ஆய்வாளர்கள் ஓர் இல்லத்தில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொன்றில் பயிற்சியோடு ஏற்பாட்டையும் மாற்றினார்கள்: குழுவைச் சிறிதாக்கி, பணி அட்டவணையைத் திருத்தி, அதே முகங்கள் அதே குழந்தைகளிடம் திரும்பத் திரும்ப வரும்படி செய்தார்கள். மூன்றாவது இல்லம் பழையபடி ஓடியது. அட்டவணையும் மாறிய இல்லத்துக் குழந்தைகள்தான் பேச்சிலும் அறிவிலும் மட்டுமல்லாமல் உயரத்திலும் எடையிலும்கூட மற்றவர்களை முந்தினார்கள். சாப்பாட்டையோ மருத்துவத்தையோ யாரும் மாற்றவில்லை. ஒரு டியூட்டி அட்டவணை குழந்தையின் உயரத்தைக் கூட்டும் என்று யாராவது சொன்னால் நானே சிரித்திருப்பேன்.

வளர்ந்த பிள்ளைகளிடம் இதே விஷயம் வேறு விதமாகத் தெரியும். புதிதாக வந்த பதின்மூன்று வயதுப் பெண்ணின் அலமாரியில், துணிகளுக்கு அடியில் மடித்து வைத்த சாப்பாடு நாற்றமடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வந்து ஒரு மாதமான காப்பாளர் அதைத் திருட்டு என்று குறிப்பேட்டில் எழுதுவார், அலமாரியைக் காலி செய்வார், எல்லார் முன்னாலும் விசாரிப்பார். பத்து வருடம் அங்கேயே இருக்கும் அம்மா ஒருவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கெட்டுப்போனதை மட்டும் எடுத்துக் கொட்டிவிட்டு, மூடி போட்ட டப்பா ஒன்றை அதே இடத்தில் வைத்தார். "இதுல வச்சுக்க, எறும்பு வராது. தீர்ந்துபோனா சொல்லு" என்றார். அவ்வளவுதான். நாளைக்குச் சாப்பாடு இருக்குமா என்ற பயம் அறிவுரையால் போகாது, நாளைக்கும் சாப்பாடு வந்தால்தான் போகும் என்று அவருக்குத் தெரியும். அது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் படித்ததல்ல, அப்படிப்பட்ட பிள்ளைகள் பலரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அவர் வேலையை விட்டால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். அவருடைய இடத்துக்கு விளம்பரம் கொடுத்து ஆள் பிடிக்கலாம், அந்த டப்பாவை எந்த விளம்பரமும் கொண்டுவராது.

ஓர் இல்லம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பணி மாறும்போது எழுதும் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிள்ளைகளின் அந்தரங்கம் என்பதால் வெளியாருக்குக் காட்டக் கூடாது, சரிதான். நிர்வாகக் குழுவில் இருப்பவர்களைச் சொல்கிறேன். சில இடங்களில் பக்கம் பக்கமாக "அனைவரும் நலம்" என்று ஒரே வரி இருக்கும். வேறு சில இடங்களில் இப்படி இருக்கும்: "இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தான். என்னவென்றதற்கு ஒன்றுமில்லை என்றான். விளக்கை அணைக்க வேண்டாம் என்றான், அணைக்கவில்லை. நாளைக்கு அவன் அண்ணன் வருவதாகச் சொன்ன நாள், வராவிட்டால் பார்த்துக்கொள்ளவும்." இப்படி எழுதத் தெரிந்தவரைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாத தலைவர் வேறு எதில் கெட்டிக்காரராக இருந்து என்ன?

இந்த இடத்தில் நியாயமான கேள்வி ஒன்று வரும். இல்லங்களே வேண்டாம், குடும்பங்களில் வளர்க்கலாமே? சின்னக் குழந்தைகளைப் பொறுத்தவரை இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000-ல் தொடங்கிய ஆய்வு நிறுவனங்களில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, இரு தரப்பையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. குடும்பங்களுக்குப் போனவர்கள் தேறினார்கள், அவர்களிலும் இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். 2009-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களும் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் குடும்பச் சூழல்தான் வேண்டும் என்கின்றன. வளர்ந்த பிள்ளைகளுக்கான இல்லங்களும் சிறியதாக, வீட்டுக்கு நெருக்கமான அமைப்பில் இருக்க வேண்டும் என்கின்றன. "அநாதை" என்று நாம் அழைக்கும் இல்லத்துப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார் என்று 2009-ல் சேவ் தி சில்ட்ரன் அமைப்பு எழுதியது. ஆகவே ஒரு பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது "படுக்கை இருக்கிறதா?" என்று பார்ப்பதற்கு முன்னால் "இந்தப் பிள்ளை இங்கே இருந்துதான் ஆக வேண்டுமா?" என்று கேட்க வேண்டும். நன்கொடை தலைக்கு இவ்வளவு என்று வருகிற இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கத் தலைவருக்குத் துணிச்சல் வேண்டும்.

ஆனால் பதின்வயதினர் கதை வேறு. குடும்பம் என்ற பெயரிலேயே அடிபட்டு வந்தவர்கள், வளர்ப்பு வீடுகள் மாறி மாறிச் சலித்தவர்கள், தம்பி தங்கையைப் பிரிய மறுப்பவர்கள், போரில் சொந்தம் அத்தனையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். புது அம்மா அப்பா கிடைத்தால் போதும் என்று இவர்களில் எல்லாரும் நினைப்பதில்லை. தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்திருக்கும் ஓர் இடம் சிலருக்குத் தேவைப்படுகிறது. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு பெற்றோரை இழந்து வளர்ந்த தலைமுறைக்காக 2008-ல் அகஹோசோ-ஷாலோம் என்ற இளையோர் கிராமம் தொடங்கியது. தொடங்கியவர் ஆன் ஹேமன் என்ற வழக்கறிஞர், இஸ்ரேலில் 1953 முதல் இயங்கும் யெமின் ஓர்டே என்ற இளையோர் கிராமத்தை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். பிள்ளைகள் வீடு வீடாகப் பிரிந்து வாழ்கிறார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வீட்டுத் தாய். அந்தத் தாய்மாரில் பலர் அதே படுகொலையில் கணவனையோ பிள்ளைகளையோ பறிகொடுத்தவர்கள். ஹேமன் 2014-ல் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். கிராமம் தொடர்ந்து நடக்கிறது. ஒரு தலைவரைப் பற்றிச் சொல்ல இதைவிட உயர்ந்த பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். போலந்தின் வார்சாவில் 1912 முதல் யூதப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திய மருத்துவர், எழுத்தாளர். 1942 ஆகஸ்டில், தப்பிக்க வாய்ப்பிருந்தும் பிள்ளைகளை விட்டுப் போக மறுத்து, அவர்களோடு நாஜிகளின் டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேறினார். இதுதான் திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது. அந்த முடிவின் முன்னால் யாரும் பேசமுடியாமல் நிற்பார்கள், உண்மை. ஆனால் இன்று இல்லம் நடத்துகிறவருக்குப் பயன்படுவது அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகள். அவருடைய இல்லத்தில் பிள்ளைகள் நடத்திய நீதிமன்றம் இருந்தது. அந்த வாரம் தன் மேல் வழக்கு இல்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். சட்டப் புத்தகத்தின் முதல் 99 பிரிவுகளும் ஏதாவது ஒரு காரணம் சொல்லி மன்னிப்பவை. கடைசியில் உள்ள ஆயிரமாவது பிரிவுதான் இல்லத்தை விட்டு வெளியேற்றுவது. கோர்ச்சாக் தானே அரை ஆண்டுக்குள் ஐந்து முறை அந்த நீதிமன்றத்தின் முன் நின்றார், ஒரு பையனைக் காதில் அறைந்ததற்காகவும், ஒரு சிறுமி மேல் திருட்டுப் பழி போட்டதற்காகவும். "அப்பா"வை யாரும் கேள்வி கேட்பதில்லை. அவரை மட்டும் கேள்வி கேட்க முடிந்தது.

அந்த இல்லத்தை நாள்தோறும் ஓட்டியவர் ஸ்தெபானியா வில்சின்ஸ்கா. கணக்கு, படுக்கை, காய்ச்சல், காலணி எல்லாம் அவர் கையில்தான். நாட்டை விட்டு வெளியே பாதுகாப்பாக இருந்தவர், 1939-ல் போருக்குச் சற்று முன்னால் பிள்ளைகளிடம் திரும்பி வந்தார். அதே ரயிலில்தான் அவரும் போனார். அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அப்புறம், பதினெட்டு வயது. நல்ல இல்லங்கள்கூடத் தடுமாறுகிற இடம் இது. பிறந்தநாளன்று சட்டம் கதவைத் திறந்துவிடுகிறது, பையன் ஒரு பெட்டியோடு வெளியே நிற்கிறான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 21 வயது வரை பராமரிப்பில் இருக்க அனுமதித்தது, பக்கத்து விஸ்கான்சினிலும் அயோவாவிலும் அப்போது 18-தான். மூன்று மாநிலப் பிள்ளைகளையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில் இல்லினாய் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதிப்பது கூடுதலாக இருந்தது. இங்கிலாந்து 2014-ல் வளர்ப்புக் குடும்பத்தில் இருப்பவர்கள் 21 வரை அங்கேயே தொடரச் சட்டம் செய்தது. இல்லங்களில் இருப்பவர்களுக்கு அதே உரிமையைத் தரவில்லை. குடும்பமே கிடைக்காதவர்கள்தான் சீக்கிரம் பெரியவர்களாகிவிட வேண்டுமாம்!

சட்டம் என்ன சொன்னாலும், வெளியே போன பிள்ளைக்குத் தேவைப்படுபவை ரொம்பச் சின்னவை: வாடகை வீட்டுக்காரர் "உங்க ஆள் யாரு?" என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர், வேலை போன அன்று ராத்திரி கூப்பிட்டால் எடுக்கும் ஒரு போன். அந்த எண் யாருடையது? நான் பார்த்தவரை நிறுவனருடையது அல்ல. பழைய வீட்டுத் தாயுடையது. அவர் இன்னும் அங்கே வேலையில் இருந்தால் எடுப்பார். அவருக்குப் பிறகு நான்கு ஆள் மாறியிருந்தால், "அவங்க இப்ப இங்க இல்லையே தம்பி" என்ற பதில் வரும்.

நன்கொடை தருகிறவர்களிடம் ஒன்று கேட்பேன். கட்டடத்துக்கும் கணினி அறைக்கும் கல்வெட்டு வைத்துக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சம்பளத்துக்குக் கொடுக்க ஆளில்லை, "நிர்வாகச் செலவா?" என்று முகம் சுளிக்கிறார்கள். இப்போதெல்லாம் உதவி கேட்டு வரும் இல்லங்களிடம் நான் கேட்பது, ஐந்து வருடத்துக்கு முன்பு பிள்ளைகளோடு தங்கிய ஊழியர்களில் இன்னும் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதுதான். நிறுவனரின் வாழ்க்கை வரலாற்றைப் பதிலாகத் தருகிற இடத்துக்குப் பணம் அனுப்புவதில்லை.