கோவாவில் டாக்சி பிடிச்ச கதை

மோப்பா ஏர்போர்ட் கோவாவோட வடக்கு மூலை, பாலோலம் கடற்கரை தெற்கு மூலை. சரி, தூரம்தான். ஆனா டிரைவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அது வாடகையா, இல்ல வண்டியோட விலையேவான்னு சந்தேகம் வந்துருச்சு. போனில் வழக்கமான ஆப்பைத் திறந்தா, அங்க ஈ காக்கா இல்ல.

மீட்டர் இருக்கு சார்! டேஷ்போர்டில், பிள்ளையாருக்குப் பக்கத்துலயே. ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் வாயே திறக்கல. "திரும்பக் காலியா வரணும்"னு அதுக்கும் சேர்த்துக் காசு. காலியானது வண்டி மட்டுமா, என் பர்ஸும்தானே?

அடுத்து கலங்குட் கடற்கரை. அங்கேருந்து பக்கத்து பாகா கடற்கரை ரெண்டு கிலோமீட்டர் இருக்குமா? அதுக்கு 'நைட் சார்ஜ்'. மணி சாயங்காலம் ஏழரை! மஞ்சள் மட்கார்டு போட்ட பைக் டாக்சி இருக்கு, 'பைலட்'னு பேரு. பாவம், அவங்க நியாயமாத்தான் கேக்குறாங்க. ஆனா நாங்க நாலு பேர், அதுல மாமியார் வேற. எந்த பைக்ல ஏத்துறது?

நடந்தே போனோம். வழியில ஹாரன் அடிச்சு "டாக்சி வேணுமா?"ன்னு கேட்டவங்க மட்டும் பதினோரு பேர்.