2012ஐ மட்டும் பிடிச்சுக்கொண்டு கதைக்கேலாது

மேல ஒரு அண்ணை போட்டிருக்கிறார்: "2012ஐ விட 2024இல வடதுருவக் கடலில ஐஸ் கூட. பூமி சூடாகுது எண்டதெல்லாம் புழுகு."

இலக்கம் சரி அண்ணை, முடிவுதான் பிழை. 2012 செப்டெம்பரில கடல்பனி ஏறக்குறைய 34 லட்சம் சதுர கிலோமீற்றருக்கு இறங்கினது. செய்மதிப் பதிவில அதைவிடக் குறைஞ்ச வருசமே இல்லை. அந்த ஓகஸ்டில பெரும்புயல் வேற அடிச்சுப் பனியை உடைச்சது. 2024இல 43 லட்சம் அளவில நிண்டது. ஆனா 1980களில அதே செப்டெம்பரில 70 லட்சம் அளவில கிடந்ததே, அதை ஏன் விட்டிட்டியள்? இரணைமடுக் குளம் அடிமட்டத்துக்கு வத்தின வருசத்தோட ஒப்பிட்டால் எந்த வருசமும் நிறைகுளம்தான்.

முகில் மூடினால் செய்மதிக்கு ஒண்டும் தெரியாது எண்டும் சொல்லுகினம். செய்மதி எடுக்கிறது கமெராப் படம் இல்லை. பனியும் கடல்நீரும் விடுற நுண்ணலை வேற வேற, அதைத்தான் வாங்கிப் பிரிக்குது. துருவத்து மாசக்கணக்கான இருட்டிலயும் வேலை செய்யும்.

இந்த ஐஸ் உருகிக் கடல் ஏறிடுமோ எண்டு கீழ பயந்து எழுதின முல்லைத்தீவுத் தம்பிக்கு: மிதக்கிற பனி உருகிக் கடல்மட்டம் பெரிசா ஏறாது. கவனிக்கவேண்டியது கிறீன்லாந்து நிலப்பனியை. 2002இல இருந்து செய்மதி புவியீர்ப்பை அளந்து பார்க்க, சராசரியா வருசத்துக்கு 20,000 கோடி தொன்னுக்கு மேல குறையுது.