வெளியே வரும் வழி எங்கே என்று கேட்டேன், அவ்வளவுதான்

எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாட்களாக இருந்தேன். முடியவில்லை.

எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று இங்கே பலருக்குத் தெரியும். முதல் நாவலை எழுதி முடித்த ஒரு பெண், சொந்தமாக வெளியிட எந்தத் தளத்தைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தார். பணிவாக, தெளிவாகக் கேட்டிருந்தார். மூத்த எழுத்தாளர் ஒருவர் ஒரே வரியில் பதில் சொன்னார்: "எதில் போட்டால் என்ன அம்மா, எழுத்தில் உயிர் இருந்தால் வாசகன் தேடி வருவான்." அதற்கு நூற்றுக்கணக்கான விருப்பக்குறிகள், கும்பிடு குறிகள். நான் அதன் கீழே பத்து வரிகள் எழுதினேன். ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண் யார் பெயரில் இருக்க வேண்டும், ஒரே தளத்துக்கு மட்டும் தரும் பிரத்யேக உரிமை என்றால் என்ன, திருத்தக்கூடிய மூலக் கோப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்று. வந்த மறுமொழி: "இலக்கியம் பேசும் இடத்தில் கணக்குப்பிள்ளைக்கு என்ன வேலை?"

அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் மூன்று பேர், தங்கள் புத்தகத்தை மின்னூலாக மாற்றித் தரச் சொல்லி என்னிடம் வந்தவர்கள். நள்ளிரவு வரை உட்கார்ந்து மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்கு நான் கணக்குப்பிள்ளை. சரி.

எதில் போட்டால் என்ன என்றா கேட்கிறீர்கள்? எதில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எழுத்தின் தரத்தைத் தளம் தீர்மானிக்காது. ஆனால் அந்த எழுத்து நாளைக்கு உங்கள் கையில் இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும். ஒரு தளத்தில் நுழைவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கிருந்து வெளியே வர முடியுமா, வரும்போது எதை எடுத்துக்கொண்டு வர முடியும்? ராயல்டி, அதாவது விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கு, எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எல்லோரும் முதலில் கேட்பது அந்தச் சதவீதத்தைத்தான். அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவரே புத்தகத்தை ஏற்றி விற்கும் அமேசானின் கே.டி.பி. தளத்தில் மின்னூலுக்கு எழுபது சதவீதம் என்பார்கள். அந்த எழுபதுக்குப் பின்னால் நிபந்தனைகள் உண்டு. அமெரிக்க விலையில் 2.99 டாலரிலிருந்து 9.99 டாலருக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்புக்கு வெளியே போனால் 35 சதவீதம்தான். எழுபதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பின் அளவுக்கு ஏற்ப அனுப்பும் செலவையும் கழிப்பார்கள். படங்கள் நிறைந்த புத்தகம் போட்டவர்களைக் கேளுங்கள், அந்தக் கழிவு எவ்வளவு வலிக்கும் என்று சொல்வார்கள். இந்தியா, ஜப்பான், பிரேசில், மெக்சிகோ வாசகர்களுக்கு விற்கும்போது எழுபது சதவீதம் வேண்டுமென்றால் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும்.

செலக்ட் என்றால் என்ன? உங்கள் மின்னூல் 90 நாட்களுக்கு வேறு எங்கும் இருக்கக் கூடாது. உங்கள் சொந்த இணையதளத்தில்கூட முழுப் புத்தகத்தை வைக்கக் கூடாது; மாதிரியாகப் பத்து சதவீதம் வரை வைக்கலாம். 90 நாட்கள் முடிந்ததும் தானாகவே அடுத்த 90 நாட்கள் தொடங்கிவிடும், புதுப்பித்தலுக்கான கட்டத்தில் இருக்கும் குறியை நீங்கள் போய் எடுக்காவிட்டால். இந்தக் கட்டுப்பாடு மின்னூலுக்கு மட்டும்தான், அச்சு நூலுக்கு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. தெரியாமல் அச்சு நூலையும் வேறு எங்கும் தராமல் வருடக்கணக்காகப் பூட்டி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஒரு சின்னக் கட்டத்தில் போட்ட ஒரு குறி. அதைப் பற்றி அந்தப் பெண்ணுக்குச் சொன்னது கணக்குப்பிள்ளை வேலை என்றால், ஆமாம், நான் கணக்குப்பிள்ளைதான்.

இப்போதே ஒரு குரல் கேட்கிறது. "நீங்கள் அமேசானுக்கு எதிரி." இல்லை. என் இரண்டு புத்தகங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. 2007இல் அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டில் வந்தபோதே எழுதுபவர்கள் நேரடியாக நூலை ஏற்றும் வழியையும் அவர்கள் திறந்துவைத்தார்கள். பதிப்பகப் படிகளில் வருடக்கணக்காகக் காத்திருந்த எத்தனையோ பேருக்கு அது பெரிய விடுதலை. அதை நான் மறுக்கவே இல்லை. செலக்டில் சேராமல் அங்கேயும் வைத்துக்கொண்டு, டிராஃப்ட்2டிஜிட்டல் போன்ற ஒரு விநியோகத் தளம் வழியாகக் கோபோ, ஆப்பிள் புக்ஸ் போன்ற மின்னூல் கடைகள், நூலகங்கள் என்று மற்ற இடங்களுக்கும் அனுப்பலாம். விற்பனை விலையில் ஏறக்குறைய பத்து சதவீதத்தை அந்த விநியோகத் தளம் எடுத்துக்கொள்ளும். செலக்டில் சேர்வது, சேராமல் பல இடங்களில் போடுவது, இரண்டுமே நல்ல வழிகள்தான். ஆனால் தெரிந்து தேர்ந்தெடுப்பது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

இன்னொரு குரல்: "விதிகள் வெளிப்படையாகத்தானே இருக்கின்றன, படித்துக்கொள்ள வேண்டியதுதானே?" படிக்கலாம். இன்று படித்த விதி நாளைக்கும் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? மாதச் சந்தா கட்டி மின்னூல் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டம் 2014 ஜூலையில் வந்தது. ஒரே வருடத்தில், 2015 ஜூலையில், பணம் தரும் முறையையே மாற்றிவிட்டார்கள்: அதுவரை எடுத்த புத்தகத்துக்கு என்று இருந்தது, அதன் பிறகு படித்த பக்கத்துக்கு என்று ஆனது. சின்னச் சின்னக் கதைகளாகப் போட்டவர்களின் வருமானம் ஒரே மாதத்தில் மாறிப்போனது. அமேசானின் இன்னொரு தளமான கிரியேட்ஸ்பேஸில் அச்சு நூல் போட்டவர்கள் 2018இல் கே.டி.பி.க்கு மாற வேண்டியதாயிற்று. ஸ்மாஷ்வேர்ட்ஸ் என்ற மின்னூல் தளம் 2022இல் டிராஃப்ட்2டிஜிட்டலின் கைக்குப் போனது. 2025 ஜூனில் கே.டி.பி., 9.99 டாலருக்குக் குறைவான அச்சு நூல்களுக்கு ராயல்டியை 60 சதவீதத்திலிருந்து 50 ஆகக் குறைத்தது. அந்தப் பங்கிலும் அச்சுச் செலவைக் கழித்த பிறகுதான் மிச்சம் நமக்கு. ஆகவே அந்தப் பத்தும் முழுக்க எழுதியவரின் பங்கிலிருந்தே போகிறது. இவை எதையும் குற்றமாகச் சொல்லவில்லை. அவர்கள் வியாபாரம், அவர்கள் முடிவு. நாம் இருப்பது வாடகை வீடு என்பது நமக்கு நினைவிருக்க வேண்டும் என்கிறேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பெட்டியைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்? முதலாவது, ஐ.எஸ்.பி.என். உங்கள் பெயரில் வாங்கியது. தளம் இலவசமாகத் தருகிறதே என்று மகிழ்ந்து எடுத்துக்கொண்டால், கே.டி.பி. தரும் எண்ணை கே.டி.பி.க்கு வெளியே பயன்படுத்த முடியாது. வேறு அச்சகத்தில் அதே புத்தகத்தைப் போட வேண்டுமென்றால் புது எண், புதுப் பதிவு. நாடு என்ன என்பதைப் பொறுத்துச் சில இடங்களில் அரசு அமைப்பே இலவசமாகத் தருகிறது, சில இடங்களில் காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. என்னிடம் நல்ல பதில் இல்லை. மின்னூலை மட்டும் ஐ.எஸ்.பி.என். இல்லாமலே பல தளங்களில் போடலாம் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

இரண்டாவது, மூலக் கோப்புகள். இதைப் பற்றித்தான் நான் உண்மையில் பேச வேண்டும். பேசாமல் இருந்ததற்குக் காரணம், பேசும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

என் முதல் புத்தகத்தை நான் எந்தத் தளத்திலும் நேராகப் போடவில்லை. "எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் எழுதுங்கள் போதும்" என்று ஒரு சேவை நிறுவனம் சொன்னது. பெயர் வேண்டாம். பணம் கட்டினேன். பக்க வடிவமைப்பு, அட்டை, ஐ.எஸ்.பி.என்., தளத்தில் ஏற்றுவது எல்லாம் அவர்கள். கணக்கும் அவர்கள் பெயரில். எனக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. எழுத்தில் உயிர் இருந்தால் போதும் என்று நானும்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

புத்தகம் வந்தது. முதல் பிரதியை அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்குத்தான் அந்தப் புத்தகத்தைச் சமர்ப்பித்திருந்தேன். மூன்றாம் பக்கத்தைத் திறந்து, எப்போதும் போல எழுத்துக் கூட்டி, விரலை வைத்து வாசித்தார். தன் பெயரின் கடைசி எழுத்துக்கு வந்ததும் விரல் நின்றது. வர வேண்டிய 'ள்' இல்லை, 'ல்' இருந்தது. புத்தகத்தின் உள்ளே இருந்த பகுதியை நான் தட்டச்சு செய்து கொடுத்ததிலிருந்து எடுத்திருந்தார்கள். முன்பக்கங்களை மட்டும் அவர்களே அடித்திருந்தார்கள்; கடைசியாக எனக்குக் காட்டிய படியில் அந்தப் பக்கங்கள் இல்லை. அம்மா எதுவும் சொல்லவில்லை. "பரவாயில்லை, எனக்குத் தெரியும் நான்தான் என்று" என்றார்.

ஒரே ஓர் எழுத்து. யாராவது வாங்கும்போது மட்டும் பிரதி அச்சடிக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் திருத்திய கோப்பை ஏற்றினால் அடுத்த பிரதியிலிருந்து சரியாகிவிடும். அந்த முறையின் பெரிய நன்மையே அதுதான். ஆயிரம் பிரதிகள் அச்சடித்துக் கிடங்கில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கு என்னுடையது இல்லை. கோப்பு என்னிடம் இல்லை. திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். கட்டுகிறேன் என்றேன். பிறகு மின்னஞ்சலுக்குப் பதில் வருவது நின்றது. வேறு இடத்தில் போட்டுக்கொள்கிறேன், கோப்பைக் கொடுங்கள் என்று கேட்டபோது, வடிவமைப்பு தங்களுக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டினார்கள். இருந்தது, அந்த வரி. நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

என்னிடம் இருந்த பி.டி.எஃப். கோப்பிலிருந்து எழுத்துகளை நகலெடுத்துப் பார்த்தேன். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் இல்லாத பழைய எழுத்துரு. ஒட்டினால் தமிழ் வரவில்லை. ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கோடுகளுமாக வந்தன. எழுத்துரு மாற்றியில் போட்டால் பல சொற்களில் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியாக நின்றன. மெய்ப்பின்போது செய்த நூற்றுக்கணக்கான திருத்தங்கள் அவர்களுடைய கோப்பில்தான் இருந்தன. திருத்தங்களுக்கு முந்தைய என் பழைய படியையும் அச்சுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, வரி வரியாக ஒப்பிட்டுத் திரும்ப உருவாக்கினேன். நான்கு மாதங்கள். அந்த நான்கு மாதங்களில் நான் ஒரு கதைகூட எழுதவில்லை.

புதுப் பதிப்பு என் கணக்கில், என் எண்ணில், சரியான 'ள்'ளோடு வந்தபோது அதை வாசித்துப் பார்க்க அம்மா இல்லை.

இதை வைத்து அனுதாபம் தேடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். "உங்களுக்கு நடந்தது விதிவிலக்கு" என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் என் உள்பெட்டியில் வந்து, கணக்குக்குள் போக முடியவில்லை, கோப்பு தர மறுக்கிறார்கள், என் புத்தகம் எத்தனை விற்றது என்றே தெரியவில்லை என்று எழுதுகிறார். எல்லோரும் நன்றாக எழுதுபவர்கள். எழுத்தில் உயிர் இருப்பவர்கள். அந்த உயிர் அவர்களைக் காப்பாற்றவில்லை.

மூத்தவரே, உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. உங்கள் புத்தகங்களைப் பதிப்பகங்கள் வீடு தேடி வந்து வாங்கிச் செல்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தை வேறு ஒருவர் படிக்கிறார், மெய்ப்பை வேறு ஒருவர் பார்க்கிறார், ஐ.எஸ்.பி.என். என்ற சொல்லையே நீங்கள் உச்சரிக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கையெல்லாம் உங்களுக்காக யாரோ ஒரு கணக்குப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார். தனியாகப் புத்தகம் போடும் பெண்ணுக்கு அப்படி யாரும் இல்லை. அவரே எழுத்தாளர், அவரே மெய்ப்பு, அவரே விநியோகம். அவரிடம் போய் "எதில் போட்டால் என்ன" என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? சொந்தமாகப் போடும் புத்தகம் எப்படியும் புத்தகம் இல்லை என்று நினைப்பதால்தானே அதை எங்கே போட்டாலும் ஒன்று என்று தோன்றுகிறது? இத்தனை வருடங்களாக அரங்குகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது "தானே வெளியிட்டுக்கொண்டவர்" என்று குரலை இறக்கிச் சொல்வார்களே, அந்த இறக்கம்தான் உங்கள் ஒரு வரியிலும் எனக்குக் கேட்டது. தவறாக இருந்தால் சொல்லுங்கள், இங்கேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் நேற்று இரவு தனியாக எழுதினார். ஒரு சேவை நிறுவனத்தோடு ஏறக்குறைய பேசி முடித்துவிட்டாராம். ஒப்பந்தத்தை அனுப்பினார். நான் மூன்று கேள்விகளை மட்டும் அவர்களிடம் கேட்கச் சொன்னேன். தளத்தில் கணக்கு யார் பெயரில்? ஐ.எஸ்.பி.என். யார் பெயரில்? விலகும்போது திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தருவீர்களா?

இன்று காலை பதில் வந்திருக்கிறது. முதல் இரண்டுக்கும் "எங்கள் பெயரில்தான்" என்றார்களாம். மூன்றாவதற்கு, "இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லையே மேடம்" என்றார்களாம்.