வவுச்சர் இருக்கா மாப்ள?

(2014 ஆகஸ்ட் 31, ஞாயிறு காலை. மிச்சிகன் மாநிலம், கேன்டன். நேற்று மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஜெயித்தது; அதற்காகப் போட்ட அந்த டீமின் மஞ்சள் பனியனை மாப்பிள்ளை இன்னும் கழற்றவில்லை. மாமனார் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் ரிட்டயர் ஆனவர்.)

மாப்பிள்ளை: 52–14 மாமா! ஐம்பத்திரண்டு!

மாமனார்: நேத்து சாயங்காலத்துலேருந்து சொல்றீங்க. காபி ஆத்தும்போதும் சொன்னீங்க. இந்த ஊர்ல பால்காரன் வர்றதில்ல, தப்பிச்சான்.

மாப்பிள்ளை: எதிர்ல ஆடினது யாருன்னு தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டீங்க. அப்பலாச்சியன் ஸ்டேட் காலேஜ்! 2007ல நம்ம ஆன் ஆர்பர்ல, இதே மைதானத்துல, லட்சத்துக்கு மேல ஜனம் உக்காந்து பாக்க, 34–32னு நம்மள மண்ணக் கவ்வ வச்சவங்க. அப்ப நாம நாட்டுலயே 5ஆவது இடம். கடைசி உதை கம்பத்துக்கு நடுவுல போயிருந்தா ஜெயிச்சிருப்போம். அதையும் ஒருத்தன் பாஞ்சு தடுத்துட்டான். ஏழு வருஷக் கணக்கு, நேத்துதான் தீர்ந்துச்சு.

மாமனார்: கணக்குன்னு சொல்லிட்டீங்க, இனிமே நான் பாத்துக்கறேன். அன்னிக்குத் தடுத்த பையன் நேத்து வந்திருந்தானா?

மாப்பிள்ளை: எப்படி வருவான்? காலேஜ் பசங்க மாமா. நாலஞ்சு வருஷத்துல படிப்ப முடிச்சுட்டுக் கிளம்பிடுவாங்க.

மாமனார்: நம்ம பக்கம் தோத்த பசங்க?

மாப்பிள்ளை: அவங்களும் போயாச்சு.

மாமனார்: ஆக, கடன் வாங்கினவனும் ஊர்ல இல்ல, குடுத்தவனும் ஊர்ல இல்ல. ஜாமீன் கையெழுத்துகூடப் போடாத யாரோ பசங்களக் கூட்டிட்டு வந்து வசூல் பண்ணியிருக்கீங்க. எங்க டிபார்ட்மென்ட்ல இதுக்கு சஸ்பெண்ட் பண்ணுவாங்க.

மாப்பிள்ளை: பசங்க மாறினா என்ன, டீம் அதேதானே? இந்த வருஷந்தான் அவங்க மேல் பிரிவுக்கே வந்திருக்காங்க. நேத்துதான் முத ஆட்டம்.

மாமனார்: சேந்த அன்னிக்கே ராகிங்கா? சரி, ஒரு தடவ ஜெயிச்சவன் அந்தப் பேரோட பேசாம வீட்ல இருக்கலாமே. எதுக்கு மறுபடி வந்தான்?

மாப்பிள்ளை: சும்மாவா வருவாங்க? பணம் குடுத்துக் கூப்பிட்டோம்.

மாமனார்: (டம்ளரைக் கீழே வைக்கிறார்) பணம் குடுத்தா?

மாப்பிள்ளை: சீசன் ஆரம்பத்துல இது சகஜம். பெரிய காலேஜ் சின்ன காலேஜக் கூப்பிடும். அவங்க வந்து ஆடிட்டு செக்க வாங்கிட்டுப் போவாங்க.

மாமனார்: ஆடிட்டு, தோத்துட்டு.

மாப்பிள்ளை: பெரும்பாலும்.

மாமனார்: நம்மூர் கிரிக்கெட்ல இதுக்கு போலீஸ் வரும் மாப்ள.

மாப்பிள்ளை: ஐயோ, ஃபிக்ஸிங் இல்ல மாமா! தோக்கறதுக்குப் பணம் இல்ல, வர்றதுக்குத்தான் பணம்.

மாமனார்: தோக்கறது இலவச இணைப்பு. எவ்வளவு குடுத்தீங்க?

மாப்பிள்ளை: பத்து லட்சம் டாலர்.

மாமனார்: டாலர் 60 ரூபான்னு வச்சாலும் ஆறு கோடி. 2007ல?

மாப்பிள்ளை: நாலு லட்சம் டாலர்.

மாமனார்: நாலு லட்சம் குடுத்துத் தோத்தீங்க, பத்து லட்சம் குடுத்து ஜெயிச்சிருக்கீங்க. ஏழு வருஷத்துல ரெண்டரை மடங்கு ஏறியிருக்கு. வவுச்சர் இருக்கா?

மாப்பிள்ளை: என்கிட்ட எதுக்கு மாமா வவுச்சர் இருக்கும்?

மாமனார்: கூப்பிட்டோம், குடுத்தோம்னு நீங்கதானே சொன்னீங்க? வீட்டு லோன் முழுசா பாக்கி இருக்கு, இதுல உங்க பங்கு எவ்வளவோன்னு எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. பொண்ணக் கூப்பிட்டு விசாரிக்கலாம்னு இருந்தேன்.

மாப்பிள்ளை: அது காலேஜ் பணம் மாமா.

மாமனார்: எந்தக் காலேஜு? நீங்க படிச்ச காலேஜா?

மாப்பிள்ளை: நான் எம்.எஸ். படிச்சது டோலிடோல. பக்கந்தான், ஒஹாயோ. கார்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது.

மாமனார்: அங்க இந்த விளையாட்டு கிடையாதா?

மாப்பிள்ளை: உண்டு.

மாமனார்: இவங்களோட மோதியிருக்காங்களா?

மாப்பிள்ளை: 2008ல ஒரு தடவ.

மாமனார்: யார் ஜெயிச்சா?

மாப்பிள்ளை: தோசை கருகுது போலிருக்கே.

மாமனார்: இன்னும் கல்லே வைக்கல. யார் ஜெயிச்சா?

மாப்பிள்ளை: டோலிடோ. 13–10.

மாமனார்: இதே மைதானத்துலயா?

மாப்பிள்ளை: இதே மைதானத்துல.

மாமனார்: நீங்க அன்னிக்கு ஸ்வீட் வாங்கினீங்களா?

மாப்பிள்ளை: ராத்திரி சாப்பிடவே இல்ல மாமா.

மாமனார்: படிச்ச காலேஜ் ஜெயிச்சதுக்குப் பட்டினி கிடந்த ஒரே மனுஷன் நீங்கதான்.

(ஒரே மனுஷன் இல்லை. இந்த மஞ்சள் பனியனில் திரியும் நம்மாட்களில் நிறையப் பேர் அந்தக் காலேஜ் வாசலைப் பார்த்தது பார்க்கிங் தேடியபோதுதான். படித்த காலேஜின் பேரைக் கேட்டால் பேச்சை வெதருக்கு மாற்றிவிடுவார்கள்.)

மாப்பிள்ளை: அதெல்லாம் விடுங்க. நம்ம டீம் ஃபன்செஸ் ஆடினதப் பாத்தீங்கல்ல? நேத்துதான் ஒண்ணாம் நம்பர் பனியன் போட்டான், போட்ட அன்னிக்கே மூணு டச்டவுன்!

மாமனார்: பாத்தேன். பையன் பனைமரம் கணக்கா நின்னு எட்டிப் பறிக்கிறான். அவனுக்கு என்ன சம்பளம்?

மாப்பிள்ளை: சம்பளம் கிடையாது. ஸ்காலர்ஷிப் உண்டு. படிப்பு, தங்கறது, சாப்பாடு.

மாமனார்: கோச்சுக்கு?

மாப்பிள்ளை: அவருக்கு மில்லியன் கணக்குல வரும்.

மாமனார்: அந்த ஆறு கோடி? அடி வாங்கின பசங்க கைக்கு ஏதாவது போகுமா?

மாப்பிள்ளை: அது அவங்க காலேஜ் விளையாட்டுத் துறைக்கு. பசங்க காசு வாங்கினா விதிப்படி தப்பு. அவங்க பேரையும் மூஞ்சியையும் வச்சு சம்பாதிக்கிறதுல அவங்களுக்கும் பங்கு தரணும்னு இந்த மாசந்தான் ஒரு கோர்ட் சொல்லுச்சு. காலேஜ் விளையாட்ட நடத்தற சங்கம் இருக்கே, இவங்க அப்பீல் போறாங்க.

மாமனார்: இவங்கன்னு சொல்றீங்களே, இதுல மட்டும் "நாம" இல்லையா?

மாப்பிள்ளை: ...

மாமனார்: தேர் இழுக்கறவனுக்குக்கூட ஒரு சொம்பு மோர் குடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க. இங்க எலும்பு உடையிறது ஒருத்தனுக்கு, செக்கு எழுதறது இன்னொருத்தன் பேருக்கு. ஒரு சங்கத்துல இப்படி ஒரு பதிவேட்ட என் முன்னால வச்சிருந்தா பச்சை மைல ரெண்டு பக்கம் எழுதியிருப்பேன். நீங்க போட்டிருக்கிற பனியன் என்ன விலை?

மாப்பிள்ளை: எண்பது டாலர்.

மாமனார்: அதுக்காவது வவுச்சர் இருக்கா?

மாப்பிள்ளை: மாமா, நல்ல நாளும் அதுவுமா மனச நோகடிக்காதீங்க. இந்த டீம் எங்கயோ போகப் போகுது. நாட்டு சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற நாலு டீம் பிளேஆஃப் இந்த வருஷந்தான் முதமுதல்ல வருது. ஃபைனல் ஜனவரி 12, டெக்சாஸ், ஆர்லிங்டன். நேத்து ராத்திரியே பக்கத்துல இருக்கிற டல்லாஸுக்கு ரெண்டு ஃபிளைட் டிக்கெட் போட்டுட்டேன்.

மாமனார்: அதுக்குள்ள இன்னும் எத்தன ஆட்டம் இருக்கு?

மாப்பிள்ளை: பதினொண்ணு.

மாமனார்: காசு குடுத்துக் கூட்டிட்டு வந்தவன ஜெயிச்சது ஒண்ணு. மிச்சம் பதினொண்ணு. டிக்கெட்ட கேன்சல் பண்ணா பணம் வருமா?

மாப்பிள்ளை: வராது. அதான் மலிவா கிடைச்சுது.

மாமனார்: பத்திரமா வைங்க. அதுதான் இந்தக் கணக்குல நான் பாத்த முத வவுச்சர்.

(அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 6. ராத்திரி பதினொரு மணி. டிவியில் நோட்டர் டேம் 31, மிச்சிகன் 0. பனியன் சோபாவின் கைப்பிடியில் தொங்குகிறது.)

மாமனார்: சாப்பிட வாங்க.

மாப்பிள்ளை: பசிக்கல மாமா.

மாமனார்: டோலிடோ ஜெயிச்சுதா?

மாப்பிள்ளை: விளையாடாதீங்க. 1984லேருந்து ஒரு ஆட்டத்துலகூட நாம பூஜ்யம் வாங்கினதில்ல. தொடர்ந்து 365 ஆட்டம், நாட்டுலயே ரெக்கார்டு. இன்னியோட போச்சு.

மாமனார்: இந்த டீமுக்கு எவ்வளவு குடுத்தோம்?

மாப்பிள்ளை: இவங்களுக்கு எதுக்குக் குடுக்கணும்? நாமதான் அவங்க ஊருக்குப் போயிருக்கோம்.

மாமனார்: அப்ப அவங்க நமக்கு பத்து லட்சம் குடுத்திருக்கணுமே?

மாப்பிள்ளை: அப்படியெல்லாம் இல்ல மாமா. பெரிய டீமும் பெரிய டீமும் ஆடறது இது.

மாமனார்: சும்மாவே போயி 31 வாங்கிட்டு வர்றோமா? அந்த அப்பலாச்சியன் பசங்க விவரமானவங்க மாப்ள.