வேகத்துக்கு முன் ஸ்லாட்டைப் பாருங்கள்
கேமிங் லேப்டாப்பில் தரவைச் சேமிக்கும் டிரைவாக ஜென் 4 (பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறை) எஸ்எஸ்டிதான் வாங்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது, அதை ஏற்க முடியவில்லை. லேப்டாப்பில் அதை மாட்டும் ஸ்லாட் முந்தைய தலைமுறையான ஜென் 3 என்றால் 7,000 எம்பி வேகமுள்ள டிரைவும் நொடிக்கு 3,500 எம்பி அளவோடு நின்றுவிடும், கூடுதல் காசு வீண். பழைய மாடல்கள் சிலவற்றில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் (மெல்லிய எஸ்எஸ்டி மாட்டும் இடம்) சாட்டா என்ற பழைய, மெதுவான வகையை மட்டும்தான் ஏற்கும், அதில் வேகமான என்விஎம்இ வகையைப் போட்டால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) டிரைவே தெரியாது. ஆகவே மாடல் எண்ணை வைத்து சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நீளம் 2280-ஆ (80 மி.மீ.) 2230-ஆ (30 மி.மீ.) என்பதையும் அதிலேயே பாருங்கள். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) ஒட்டி வரும் டிரைவ் டெஸ்க்டாப்புக்கானது, லேப்டாப்பின் அடிமூடி மூடாது. இரண்டு பக்கமும் சிப் உள்ளவையும் மெல்லிய மாடல்களில் இடிக்கும். மாட்டும்போது சார்ஜரை எடுத்து, பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிடுங்கள், பலர் செய்யாமல் விடும் படி இதுதான். மேலே கருத்து எழுதிய ஒருவர் புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டதும் கீபோர்டு விளக்கின் நிறம் மாறவில்லை என்கிறார். விளக்கு பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. நிறத்தை மாற்றும் மென்பொருள் பழைய டிரைவோடு போயிருக்கும், தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குரியதை இறக்கி நிறுவுங்கள். அப்புறமும் நிறம் தானாக மாறினால் விண்டோஸ் 11 செட்டிங்ஸில் பர்சனலைசேஷன் போய் டைனமிக் லைட்டிங்கை (விண்டோஸே விளக்கை இயக்கும் வசதி) அணையுங்கள். ஒரே விளக்கை இரண்டு மென்பொருள்கள் ஆட்டினால் நிறம் நிலைக்காது.