கரும்புகைக்கு ஆக்சிஜன் சென்சாரா காரணம்?

“கரும்புகை, ஸ்கேனரில் பி0172 கோடு வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுங்கள்” என பெட்ரோல் கார்கள் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. பி0172 என்பது எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது என்பதற்கான பழுதுக் குறியீடு. பெட்ரோல் அதிகம் எரிவதை, புகைக்குழாயில் உள்ள அந்த சென்சார் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறது. கோள் சொன்னவனைத் துரத்திப் பயனில்லை.

இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைப் பாருங்கள். வெளியே 30 டிகிரி இருக்க, அது 5 காட்டினால் கூலன்ட் சென்சாரோ வயரிங்கோ பழுது. எஞ்சின் குளிர்ந்திருப்பதாக நம்பி ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

அது சரியென்றால், பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றுங்கள் (மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் உள்ள வண்டிகளில்). உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்துவிட்டது. ரெகுலேட்டரை மாற்ற வேண்டும். ஹோஸ் காய்ந்திருந்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கசிவைச் சோதியுங்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால், பழுது நீக்கிய கையோடு எஞ்சின் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.